பயிரழிவுக்கு நட்டஈடு: வெள்ளம் வருமுன்னும் வற்றிய பின்னும் கமக்காரர் செய்ய வேண்டியவை

வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையை நம்பியே எமது பெரும்போகச் செய்கை நடைபெறுகின்றது. பயிரை வளர்க்கும் அம்மழையே சில ஆண்டுகளிற் பயிரை அழித்தும் விடுகின்றது. 1957 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்திற் குளங்கள் பல உடைப்பெடுத்தன. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை முதியோர் இன்றும் மறந்திலர். 2011 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வயல்கள் இரு முறை நீரில் மூழ்கின. 2024 நவம்பரிலும் அவ்வயல்களே மீண்டும் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியோ வயல், தோட்டம், மலைநாட்டு மரக்கறிப் பாத்தி என்ற வேறுபாடின்றி நாடெங்கும் அழிவை விளைவித்தது.

இத்தகைய ஒவ்வோர் அழிவின் பின்னரும் அரசாங்கம் நட்டஈடு வழங்க முன்வருகின்றது. ஆயினும் ஒரே கண்டத்தில், ஒரே வெள்ளத்தில், ஒரே அளவு பயிரை இழந்த இருவருள் ஒருவர் பணம் பெறுவதும் மற்றவர் வெறுங்கையுடன் திரும்புவதும் நாம் காணும் காட்சியாகும். இதனைப் பாரபட்சம் எனப் பலர் கூறுவர். சில இடங்களில் அது உண்மையாயிருத்தலுங் கூடும். ஆனால் பெரும்பாலான இடங்களிற் காரணம் வேறு. அழிந்துபோன பயிரை எவரும் அளக்க முடியாது. அழியுமுன் ஏட்டிற் பதிந்திருந்ததையும், அழிந்தபின் அலுவலர் கண்ணாற் கண்டதையும் வைத்தே கணக்குச் செய்யப்படுகின்றது. ஏட்டிலும் இல்லாமற் கண்ணுக்கும் படாமற் போன இழப்புக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

இப்பணம் எங்கிருந்து வருகின்றது?

இலங்கையிற் பயிர்க் காப்புறுதி 1958 ஆம் ஆண்டில், நெற்காணிச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டது. 1961 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பயிர்க் காப்புறுதிச் சபை அமைந்தது. 1973 இல் அது கமத்தொழிற் காப்புறுதிச் சபையாகி, 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தினாற் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. முற்காலத்திற் கமக்காரரே சந்தாப் பணஞ் செலுத்திச் சேரவேண்டியிருந்தது. கடன் பெறுவோர் சேர்ந்தனர், ஏனையோர் மழை பொய்த்த ஆண்டில் மாத்திரம் அதனை நினைத்தனர்.

2013 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க நிதிச் சட்டம் இந்நிலையை மாற்றியது. வங்கிகள், நிதிக் கம்பனிகள், காப்புறுதிக் கம்பனிகள் ஆகியவை வரி செலுத்தியபின் எஞ்சும் இலாபத்தில் நூற்றுக்கு ஒரு வீதத்தைப் பயிர்க் காப்புறுதி அறவீடாகத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குச் செலுத்த வேண்டுமென அச்சட்டம் விதித்தது. ஆகவே சந்தாவின்றி வழங்கப்படும் நட்டஈட்டை எவரோ இரங்கி இடும் பிச்சையெனக் கருதிக் கூசுதல் வேண்டாம். சட்டத்தின் வழிவந்த பணம் அது. சட்டத்தின் வழியிலேயே அதனைக் கேட்டுப் பெறவும் வேண்டும்.

2024 ஆம் ஆண்டின் இறுதி வெள்ளத்துக்குப் பின்னர், நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா அவரை, மிளகாய், பெரிய வெங்காயம் என்னும் ஆறு பயிர்களுக்கும் எக்டயர் ஒன்றுக்கு உச்ச அளவாக ரூபா 100,000 வழங்கப்படுமென அறிவிக்கப்பட்டது. ஏக்கர்க் கணக்கில் இது ரூபா 40,000 ஆகும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் எனக் கணக்கிடும் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்குப் பரப்பொன்றுக்கு ரூபா 2,500 என்று வரும். இத்தொகைகள் காலத்துக்குக் காலம் மாறுவன. போகந்தோறும் நடைமுறையிலுள்ள வீதத்தைக் கமநல சேவை நிலையத்திற் கேட்டறிதல் வேண்டும்.

இங்கு இரு சொற்களைக் கவனிக்க. ஒன்று ‘உச்ச அளவு’. ஏக்கருக்கு நாற்பதாயிரம் என்றவுடன், அரைப் பங்கு பயிரை இழந்தவரும் முழுத்தொகையை எதிர்பார்த்து ஏமாறுகின்றனர். அழிவின் பங்குக்கேற்பவே நட்டஈடும் அமையும். மற்றது ‘நட்டஈடு’ என்னும் சொல்லே. உழவுக்கூலி, விதைநெல், பசளை, களைநாசினி, அறுவடைக் கூலி ஆகியவற்றை இன்றைய விலையிற் கூட்டிப் பார்க்கும் எவருக்கும் அத்தொகை செலவு முழுவதையும் ஈடுசெய்யாதென்பது விளங்கும். வரவேண்டிய இலாபமோ கணக்கிலேயே சேராது. அடுத்த போகத்துக்கு விதையும் உழவும் தேடிக்கொள்ள உதவும் தொகையாக இதனைக் கருதுதல் பொருந்தும். ஆதலின் இதனை நம்பி வட்டிக்குக் கடன்படுதல் கூடாது.

ஆறு பயிருக்குப் புறம்பானவை

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரர் இப்பட்டியலை வாசித்தவுடன் ஒரு குறையைக் காண்பர். பெரிய வெங்காயம் உண்டு, சின்ன வெங்காயம் இல்லை. கத்தரி, தக்காளி, பயற்றை, பாகல், கரட், கோவா எவையும் அதில் இல்லை. மழை நீர் ஒரு நாள் தேங்கினாலே வாடத் தொடங்கும் பயிர்கள் பட்டியலுக்கு வெளியே நிற்பது நியாயமன்று என்பதே தோட்டங்களிற் பணிபுரிவோரின் எண்ணம். 2025 ஆம் ஆண்டு டித்வா அழிவின் பின்னர் மரக்கறிச் செய்கைக்கும் அரசாங்கம் நட்டஈடு அறிவித்தது. ஆனால் அத்தகைய அறிவிப்பு ஒரு பேரழிவுக்கென விசேடமாக வருவதேயன்றி, ஒவ்வொரு சிறு வெள்ளத்துக்கும் வருவதன்று. ஒரு கிராமத்தின் பத்துத் தோட்டங்கள் மாத்திரம் மூழ்கிய ஆண்டில் அதனை எதிர்பார்த்திருத்தல் ஆகாது.

மரக்கறிச் செய்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. காப்புறுதிச் சபை, சந்தாச் செலுத்திச் சேரும் காப்புறுதிகளை வேறு பயிர்களுக்கும் நடத்துகின்றது. தமது பயிருக்கு அது கிடைக்குமா, சந்தா எவ்வளவு என்பதை நாற்று நடுமுன் விசாரித்தல் வேண்டும். மழை தொடங்கியபின் விசாரித்துப் பயனில்லை. இரண்டாவது, காப்புறுதி இருப்பினும் இல்லாவிடினும், செய்கை பண்ணிய பரப்பைக் கமநல சேவை நிலையத்திற் போகந்தோறும் பதிவித்தல். விசேட அறிவிப்பு வரும்போது அலுவலர் முதலிற் புரட்டுவது அப்பதிவையே. நெற்செய்கையாளரைப்போலத் தோட்டக்காரர் இப்பதிவிற் சிரத்தை காட்டுவதில்லை. நாற்றுக்குத் தண்ணீர் வார்க்க ஒரு நாளும் தவறாதவர், பதிவுக்கென வருடத்தில் ஒரு நாள் நிலையத்துக்கு வரத் தவறுகின்றார்.

பதிவு யாருடைய பெயரில் உள்ளது?

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல சேவை நிலையங்களில் விவசாயக் காணி இடாப்பு வைக்கப்படுகின்றது. காணியின் பெயர், பரப்பு, சொந்தக்காரர், செய்கை பண்ணுபவர் ஆகிய விபரங்கள் அதில் அடங்கும். உமது வயல் அதில் எவ்வாறு பதியப்பட்டுள்ளது என்பதை நீங்கள் நேரிற் பார்த்ததுண்டா? தந்தையார் இறந்து பல்லாண்டு கடந்த பின்னரும் அவர் பெயரிலேயே இருக்கும் காணிகள் அநேகம். பங்கு பிரித்த சகோதரர் நால்வர் தத்தம் துண்டைச் செய்ய, ஏட்டில் ஒருவர் பெயர் மாத்திரம் இருப்பதும் உண்டு. வெளிநாட்டில் வாழும் சொந்தக்காரரின் வயலை இங்குள்ளவர் செய்வதும் எமது பகுதிகளிற் பரவலாகக் காணப்படுகின்றது.

மிகவும் இடர்ப்படுபவர் எழுத்தில்லாக் குத்தகைக்காரரே. விதைத்தவர் அவர், பசளைக்குக் கடன்பட்டவர் அவர், வெள்ளத்தில் இழந்தவரும் அவர். ஏட்டிலோ சொந்தக்காரரின் பெயர் உள்ளது. நட்டஈடு வரும் நாளில் இருவருக்குமிடையே பிணக்கு உண்டாகி, பல ஆண்டுக் கொண்டாட்டமும் முறிந்துவிடுகின்றது. இதனைத் தவிர்க்க விதைப்புக்கு முன்னரே ஒரு கடதாசியில் எழுதிக்கொள்வது போதுமானது. இன்ன போகத்துக்கு, இன்ன வயலில், இத்தனை ஏக்கரை, இன்னார் செய்கின்றார், பயிரழிவுக்கு வரும் நட்டஈடு செய்கையாளரைச் சேரும் என எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, கமக்காரர் அமைப்பின் தலைவரையோ செயலாளரையோ சாட்சியாக வைத்து, பிரதியொன்றைக் கமநல சேவை நிலையத்திற் கொடுத்தல் வேண்டும். சொந்தக்காரர் இதற்குத் தயங்கினால், தமது உரிமைக்கு இது குறைவு செய்யாதென அவருக்கு அலுவலர் மூலம் விளக்குவிக்கலாம்.

விதைப்புத் திகதியும் இதனுடன் தொடர்புடையது. போக ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கும் நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. அத்தீர்மானத்துக்குப் புறம்பாகக் காலந்தாழ்த்தி விதைத்தவர் கோரிக்கை விடுக்கும்போது கேள்விக்கு உள்ளாவார். குளத்தின் அலைகரைக்குட் பிடித்து விதைத்த நிலத்துக்கும் இது பொருந்தும். வான் பாயும் மட்டத்துக்குக் கீழே விதைத்துவிட்டு வெள்ளம் வந்ததென முறையிடுவோருக்கு நாம் கூறத்தக்கது எதுவுமில்லை.

வெள்ளம் வற்றும் நாள்

நீர் வயலில் நிற்கும்போதே முறைப்பாட்டை எழுத்திற் கொடுத்தல் வேண்டும். தொலைபேசியிற் சொன்னேன், தெருவிற் கண்டு சொன்னேன் என்பன பின்னர் நிலைநிற்பதில்லை. கடிதம் பின்வருமாறு அமைதல் போதும்:

“………… கமநல சேவைப் பிரிவு, ………… கண்டத்தில், காணி இடாப்பில் ………… இலக்கத்தில் உள்ள ………… என்னும் வயலில் ………… ஏக்கர் பரப்பில் ………… ஆந் திகதி விதைத்த ………… இன நெற்பயிர், ………… ஆந் திகதி தொடக்கம் வெள்ளத்தில் மூழ்கியுள்ளது. விதைத்து இன்று ………… நாளாகின்றது. நேரிற் பார்வையிட்டு இழப்பைப் பதிவுசெய்யுமாறு வேண்டுகின்றேன்.”

இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றில் நிலையத்தின் திகதி முத்திரையைப் பெற்று வைத்துக்கொள்க. முத்திரையிட்ட அப்பிரதியே பிற்காலத்தில் உமது பெயர் பட்டியலில் இல்லாதவிடத்து உமக்காகப் பேசும்.

அடுத்து, படங்கள். இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் படமெடுக்கும் கைத்தொலைபேசி உண்டு. வெள்ளத்தை மாத்திரம் படமெடுத்தாற் பயனில்லை. எங்கும் நீராயிருக்கும் படம் எவருடைய வயலுக்கும் பொருந்தும். மின்கம்பம், மதகு, வரம்பிலுள்ள மரம், கோவில் என மாறாத அடையாளம் ஒன்று தெரியுமாறு எடுத்தல் வேண்டும். அதே இடத்தில் நின்று விதைத்து ஒரு மாதத்தில் எடுத்த படமொன்றும் இருப்பின் மிக நன்று. பயிர் செழித்திருந்தமைக்கு அதுவே சான்று.

பார்வையிடும் காலத்தைப் பற்றியும் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். நெற்பயிரின் அழிவு நீர் வற்றிய அன்றே தெளிவாகத் தெரிவதில்லை. இளம்பயிர் முற்றாக மூழ்கி நாலைந்து நாள் கிடந்தாலும், நீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தாற் பிழைத்துக்கொள்ளக் கூடும். சேற்று நீராயின் இலைகளிற் படியும் மண்டி ஒளியைத் தடுக்க, பயிர் விரைவில் அழுகும். நீர் வற்றியவுடன் சாய்ந்து மஞ்சளாய்க் கிடக்கும் பயிரைப் பார்த்து முற்றும் அழிந்ததெனச் சொல்வதும் தவறு. அடியிற் பச்சை தெரிகின்றதெனக் கண்டு அழிவே இல்லையென எழுதுவதும் தவறு. ஒரு பயிரைப் பிடுங்கி அடித்தண்டை நீளவாக்கிற் பிளந்து பார்க்க. உட்குருத்து வெண்மையாயும் உறுதியாயும் இருப்பின் அது தளிர்க்கும். பழுப்பு நிறமாய்க் குழைந்து நாற்றமெடுப்பின் அது மாண்டது. ஏறக்குறைய ஒரு கிழமையிற் புதிய இலை தோன்றுவதைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

குடலைப் பருவத்திலோ பூக்கும் பருவத்திலோ மூழ்கிய பயிர் வேறு வகையில் ஏமாற்றும். நீர் வற்றியபின் வயல் பச்சையாகவே நிற்கும். வீதியில் நின்று பார்ப்பவர் இங்கு ஒன்றுமில்லை எனச் செல்வார். மணி பிடிக்கவேண்டிய காலத்தில் கதிர் வெளுத்து நிமிர்ந்து நிற்கும். அனைத்தும் பதர். இத்தகைய வயலுக்கு முதலாவது பார்வையில் ‘அழிவு இல்லை’ என எழுதுவதைக் கமக்காரர் மௌனமாய் ஏற்றல் கூடாது. பூக்கும் பருவத்தில் இத்தனை நாள் மூழ்கியது எனக் குறிப்பெழுதுவித்து, கதிர் முற்றும் காலத்தில் மறுமுறை பார்வையிடுமாறு அப்பொழுதே எழுத்திற் கேட்டல் வேண்டும். அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்து நீரிற் கிடந்தாலோ, இரண்டு மூன்று நாளிற் கதிரிலேயே மணி முளைக்கத் தொடங்கும். அங்கு தாமதத்துக்கு இடமேயில்லை.

அலுவலர் வரும்போது அவருடன் வயலுக்குள் இறங்கி நடக்க. மேட்டுப்பக்கம், பள்ளம், நடு என ஐந்து இடங்களில் ஒரு மீற்றர்ச் சதுரம் வைத்து, உயிருள்ள பயிரையும் மாண்ட பயிரையும் எண்ணிப் பங்கைக் கணித்தல், கண்மதிப்பிலும் பார்க்க இருபாலாருக்கும் பாதுகாப்பானது. கமக்காரர் அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் உடனிருத்தல் நன்று. அயலவர் வயலின் அழிவைக் கூட்டிச் சொல்லுமாறு அவரை நெருக்குதல் கூடாது. ஒரு கண்டத்தில் இரண்டொருவரின் பொய்க்கணக்கு வெளிப்பட்டால், அக்கண்டம் முழுவதன் கணக்கும் ஐயத்துக்குள்ளாகி எல்லோரின் பணமும் தாமதமாகும்.

மீண்டும் விதைப்பதா, அலுவலருக்குக் காத்திருப்பதா?

இக்கேள்வியே கமக்காரரை மிகவும் வருத்துகின்றது. மார்கழி மாதத்தில் அழிந்த வயலை உடனே மீளவிதைத்தால், மூன்று மாத இனங்களான பி.ஜி. 300, ஏ.ரி. 308 போன்றவற்றினால் விளைவு காண இயலும். இரண்டு கிழமை கடந்தால் பின்மழை குறைந்து குளத்து நீரையே நம்பவேண்டிவரும். அலுவலரோ ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வயல்களைப் பார்வையிடவேண்டியவர். எமது முடிபு இதுவாகும்: காலம் இருக்குமாயின் நட்டஈட்டுக்காக மறுவிதைப்பைக் கைவிடற்க. ஓர் ஏக்கரின் விளைவு நட்டஈட்டிலும் பெரிது. ஆனால் உழுமுன் கமநல ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளருக்கு அறிவித்து, படங்களை எடுத்து, ஒவ்வொரு வயலிலும் வரம்போரமாக ஒரு கீற்றை உழாமல் அழிந்தபடியே விட்டுவைக்க. அக்கீற்றைப் பார்த்து அலுவலர் மதிப்பிட இடமுண்டு. முழுவதையும் உழுது புரட்டியபின் அழைப்பவரின் வயலில் அவர் காண்பது சேற்றை மாத்திரமே.

மிளகாய், தக்காளித் தோட்டங்களில் நிலைமை இன்னும் அவசரமானது. வேர் காற்றின்றி ஓரிரு நாளிலே அழுகும். வெயில் எறித்தவுடன் செடி தலை சாயும். வடிகால் வெட்டி நீரை விடுவதே முதல் வேலை. அதன்பின் நிரைகளை எண்ணி, இத்தனை நிரையில் இத்தனை செடி மாண்டன எனக் குறித்து, அயல் தோட்டக்காரர் இருவரின் கையொப்பம் பெற்று வைக்க. மாண்ட செடியைப் பிடுங்கி எரிப்பது நோய் பரவாமற் காக்கும். ஆனால் எண்ணுமுன் எரித்தல் வேண்டாம்.

குளக்கட்டும் மணலும்

பயிர்க் காப்புறுதி பயிருக்கே உரியது. வயலின் மேல் ஓரடி மணல் மூடியிருப்பின் அதனை அகற்றுஞ் செலவோ, உடைந்த வரம்பைக் கட்டுஞ் செலவோ, கிணறு இறைக்குஞ் செலவோ அதனுள் அடங்காது. இவற்றுக்குக் கிராம அலுவலர் மூலமாகப் பிரதேச செயலகத்துக்குத் தனியாக விண்ணப்பித்தல் வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் அது எந்த அலுவலகத்துக்கும் உரியதன்றி அலையும். வயலிற் படிந்த மணலை அனுமதிப்பத்திரமின்றி ஏற்றிச் சென்று விற்பது 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்கீழ்க் குற்றமாகுமென்பதையும் இங்கு நினைவூட்டுகின்றோம். உமது வயல் என்பது அதற்கு விலக்கன்று.

இருநூறு ஏக்கருக்கு உட்பட்ட வயல்களுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும், அதனிலும் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பிலும் உள்ளன. நள்ளிரவிற் கட்டு கசியும்போது அனுமதிக்குக் காத்திருக்க எவராலும் இயலாது. ஊர் திரண்டு மண்மூடை அடுக்குவதே முறை. எனினும் அன்றிரவே தொலைபேசியில் உரிய அலுவலருக்கு அறிவித்து, அறிவித்த நேரத்தையும் அவர் பெயரையும் எழுதிவைக்க. எத்தனை பேர் எத்தனை மணி வேலை செய்தனர், எத்தனை சாக்கு, எத்தனை லீற்றர் டீசல், உழவியந்திரம் யாருடையது என்பன கமக்காரர் அமைப்பின் குறிப்பேட்டில் அன்றே ஏறவேண்டும். பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைக்க. முன்னனுமதியின்றிச் செய்த வேலைக்குப் பணம் கிடைக்குமென எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் எழுதப்படாத வேலைக்குக் கிடையாதென்பது உறுதி. நிரந்தரத் திருத்த வேலையைப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்பே ஒப்பந்தமாக ஏற்றுச் செய்ய வழியுண்டு. அப்பொழுதும் கணக்கு ஒழுங்காய் வைத்திருக்கும் அமைப்பையே அலுவலர் நாடுவர்.

பெயர்ப் பட்டியல் கமநல சேவை நிலையத்துக்கு வந்ததும் நேரிற் சென்று பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், ஏக்கர் அளவு, வங்கிக் கணக்கிலக்கம் நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்க. ஓர் எழுத்துப் பிழையினாற் பணம் திரும்பிச் செல்வது உண்டு. பல வருடம் கொடுக்கல் வாங்கலின்றி முடங்கிய கணக்கை முன்னரே உயிர்ப்பித்துக்கொள்க. பெயர் விடுபட்டிருந்தால் முத்திரையிட்ட கடிதப் பிரதி, படங்கள், குத்தகைக் கடதாசி ஆகியவற்றுடன் மேன்முறையீட்டை எழுத்திற் கொடுத்து, அதற்கும் முத்திரை பெறுக.

இக்கடதாசிகளும் வீட்டிலேயே இருப்பவை, வீடும் வெள்ளத்தில் மூழ்குவது. வங்கிப் புத்தகம், காணி உறுதிப் பிரதி, ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, குத்தகைக் கடதாசி, முறைப்பாட்டுப் பிரதி ஆகியவற்றைப் பொலித்தீன் பையிலிட்டு வாயைக் கட்டி, ஐப்பசி பிறக்குமுன் பரணில் ஏற்றி வைக்க. ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியிற் படமெடுத்து வேறூரில் வசிக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வைத்தலும் ஏற்றதாகும்.